நுரை கட்டும் தருணம்

ரசம் வைக்கத் தெரிந்த வீடு எதுவாயினும், அடுப்படிக்குப் புதிதாக வருகிறவருக்கு முதலில் சொல்லப்படுகிற எச்சரிக்கை ஒன்று உண்டு: குழம்பு எத்தனை நேரம் கொதித்தாலும் பாதகமில்லை, ரசம் மாத்திரம் கொதித்துவிடக் கூடாது; நுரை கட்டி மேலெழும்பும் தருணத்தில் இறக்கிவிட வேண்டும். இளம் பிராயத்தில் என் அத்தையிடம் இதற்குக் காரணம் கேட்டேன். “கொதிச்சா அது ரசம் இல்லேடா, கஷாயம்” என்றாள் அவள். அதற்கு மேல் விளக்கம் சொல்லும் வழக்கம் அவளுக்கு இல்லை. பின்னாளில் ரசாயன சாஸ்திரம் படிக்கத் தொடங்கி, நீர் கொதிநிலையை நெருங்கும் அந்தச் சொற்ப இடைவெளியில் அடுப்பின் மேல் என்னென்ன நடைபெறுகின்றன என்பது ஒவ்வொன்றாகத் தெரியவரத் தெரியவர, ஓர் அத்தியாயத்தையே சுருக்கிச் சொன்ன சூத்திரமாக அந்த வாக்கியம் எனக்குப் பட்டது.

விருந்துச் சமையலில் ரசத்துக்கு நடு ஸ்தானந்தான். சாம்பாருக்கும் மோருக்கும் இடையில் வந்துபோகிற பதார்த்தம் அது. ஆனால், ஊரிலிருந்து அலுத்துத் திரும்பிய இரவிலும், ஜுரம் விட்ட மறுநாளிலும், கல்யாணச் சாப்பாடு நாலு வேளை சாப்பிட்டு நாக்கு செத்துப்போன பொழுதிலும், குழைந்த சாதமும் ரசமும் சுட்ட அப்பளமும் கிடைத்தால் போதுமென்று மனம் வேறெதையும் நாடாமல் நிற்கிறது. இந்த ரசத்தில் இருக்கும் பொருள்களைச் சுவை நூலார் அறுசுவை என்று பிரிப்பார்கள். அடுப்பின் கண்ணோட்டத்தில் பார்த்தால் இரண்டே வகைதான்: தீயில் எவ்வளவு நேரம் இருந்தாலும் பாத்திரத்தைவிட்டு அகலாதவை ஒன்று, சற்றுக் கண்ணயர்ந்தால் ஆவியோடு கலந்து கூரைக்குப் போய்விடுகிறவை மற்றொன்று. உப்பு, புளிப்பு, காரம் ஆகிய மூன்றும் முதல் வகை. மணம் முழுவதும் இரண்டாவது.

முதலில் புளியை எடுத்துக்கொள்வோம். எலுமிச்சங்காய் அளவு புளியை வெந்நீரில் ஊறவைத்துக் கரைத்து, உப்பும் மஞ்சள் பொடியும் போட்டு அடுப்பில் ஏற்றினால், சிறிது நேரம் வரையில் ஒரு பச்சை வாசனை வந்துகொண்டே இருக்கும். அது போகும்வரை இந்தக் கரைசலைத் தளதளவென்று கொதிக்கவிட்டே ஆகவேண்டும். இவ்வளவு கொதித்தும் புளிப்பு குறைவதில்லை. புளியின் எடையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கோ அதற்குச் சற்று மேலோ டார்ட்டாரிக் அமிலம். வினிகரின் அமிலம் போல ஆவியாகும் சுபாவம் அதற்குக் கிடையாது. நீர் வற்ற வற்றப் புளிப்பு ஏறுமே தவிர இறங்காது. பழம் கனிகையில் பெரும்பாலான பழங்கள் தம் அமிலத்தை இழந்து இனிப்பாகிவிட, புளி மட்டும் இனிப்பைக் கூட்டிக்கொண்டும் புளிப்பை விட்டுக்கொடுக்காமலும் பழுக்கிறது.

இந்த அமிலத்தின் சரித்திரம் ரசத்தைவிடக் காரசாரமானது. திராட்சை மது ஊறிய பீப்பாய்களின் அடியில் படியும் உப்பிலிருந்து இதை 1769-ல் முதன்முதலாகப் பிரித்தெடுத்தவர் ஸ்வீடன் தேசத்து மருந்துக் கடைக்காரர் கார்ல் வில்ஹெல்ம் ஷீலே. அதற்கு ஏறக்குறைய எண்பது வருஷங்களுக்குப் பிறகு, 1848-ல், இருபத்தைந்து வயது இளைஞராயிருந்த லூயி பாஸ்டர் இதன் உப்பொன்றின் படிகங்களைப் பூதக்கண்ணாடியில் நோக்கி, அவை வலக்கையும் இடக்கையும் போல ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமாக இரு ஜாதியாக இருப்பதைக் கண்டு, சிறு இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தனித்தனியே குவித்தார். அணுக்கூட்டங்களுக்கும் வலம் இடம் உண்டு என்ற ஞானம் உலகத்துக்கு வந்தது அந்தப் பொறுக்கலினால்தான். நம் புளியிலிருப்பது வலம்புரி ஜாதி. புளியமரத்தின் பூர்வீகம் ஆப்பிரிக்கா; அரபு வணிகரோ அதன் பழத்துக்கு ‘இந்தியப் பேரீச்சை’ என்று பெயர் வைத்து, நம் ஊரையே பிறந்தகமாக்கிவிட்டார்கள்.

பருப்பை ஏன் தனியே வேகவைக்கிறோம் என்பதற்கும் இந்த அமிலமே காரணம். துவரம் பருப்பின் உயிரணுக்களை ஒன்றோடொன்று ஒட்டிவைத்திருக்கும் பசை பெக்டின் என்பது. வெறும் நீரில் சூடேறும்போது அது உடைந்து கரைவதால்தான் பருப்பு மசிகிறது. அமிலம் சேர்ந்த நீரில் அந்த உடைவு மந்தப்பட்டுவிடுகிறது. புளித் தண்ணீரில் போட்ட பருப்பு மணிக்கணக்கில் கொதித்தாலும் விறைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். உப்புக் கிணற்று நீரிலும், சுண்ணாம்பு கலந்த ஆழ்குழாய் நீரிலும் பருப்பு வேகாமல் படுத்தும் தொல்லை இதற்குச் சகோதரம். நீரிலுள்ள கால்சியம் பெக்டினைப் பிடித்து இறுக்கிவிடுகிறது. உதகை, கோடைக்கானல் போன்ற மலையூர்களில் இன்னொரு சங்கடம்: அங்கே காற்றழுத்தம் குறைவாதலால் நீர் 93 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும், அதற்கு மேல் எவ்வளவு விறகு வைத்தாலும் திறந்த பாத்திரத்தில் சூடு ஏறாது. பிரஷர் குக்கர் 120 டிகிரி வரை கொண்டுபோய் அந்தக் குறையைத் தீர்த்துவைத்தது.

பச்சை வாசனை போன புளிக் கரைசலில், பொடித்த மிளகு, சீரகம், மல்லி இவற்றைப் போட்டு, வெந்த பருப்பின் தண்ணீரைத் தேவையான அளவு சேர்த்து ‘விளாவுதல்’ அடுத்த கட்டம். விஷயம் முழுவதும் இங்கேதான் இருக்கிறது. இதுவரை ஊழியம் செய்த கொதிப்பு இந்த வினாடியிலிருந்து திருடனாக மாறுகிறது. மல்லியின் மணத்துக்கு முதற்காரணமான லினலூல் என்ற எண்ணெய் தனியே கொதிப்பதற்கு 198 டிகிரி வேண்டும். மிளகின் மணத்தில் பங்குபெறும் லிமோனீன் 176 டிகிரியில் கொதிக்கும். சீரகத்தின் மணப்பொருளுக்கோ 230 டிகிரிக்கு மேல் தேவை. இவ்வளவு உஷ்ணம் தாங்கும் எண்ணெய்கள் நூறு டிகிரி ரசத்திலிருந்து எப்படித் தப்பி ஓடுகின்றன என்று கேட்பது நியாயமான கேள்வி. நீரும் எண்ணெயும் ஒன்றிலொன்று கலவாதவை. ஆகையால் இரண்டும் அடுத்தடுத்து இருக்கும்போது ஒவ்வொன்றும் மற்றது அங்கே இருப்பதையே பொருட்படுத்தாமல் தன் பங்குக்கு ஆவியை எழுப்புகிறது. இரண்டு ஆவிகளின் அழுத்தமும் கூடி வெளிக்காற்றின் அழுத்தத்தைச் சமன் செய்துவிட்டால், எண்ணெயின் சொந்தக் கொதிநிலை எவ்வளவு உயரத்தில் இருந்தாலும், நீராவியின் தோளில் ஏறிக்கொண்டு அது வெளியேறிவிடுகிறது.

நீலகிரியில் யூகலிப்டஸ் இலையை அடைத்து நீராவி செலுத்தித் தைலம் வடிக்கிறார்களே, அந்தக் கொப்பரையில் நடப்பதும் இதுதான். அங்கே வெளியேறும் ஆவியைக் குளிரவைத்துச் சீசாவில் பிடிக்கிறார்கள். நம் வீட்டில் அதைப் பிடிப்பாரில்லை. ரசம் கொதிக்கும்போது தெருமுனை வரை மணக்கிறது என்று பெருமைப்பட்டுக்கொள்பவர்கள், தெருமுனைக்குப் போன மணம் பாத்திரத்தில் இராது என்பதை நினைத்துப் பார்ப்பதில்லை.

கொதிக்குமுன் ஆவி எழுவது மேற்பரப்பிலிருந்து மட்டுமே. கொதி வந்துவிட்டாலோ அடியிலிருந்து புறப்படும் ஒவ்வொரு குமிழியும் தன் உட்பரப்பு முழுவதையும் வாசலாகத் திறந்துவைத்துக்கொண்டு ரசத்தின் ஊடாக மேலே வருகிறது. வழியில் அகப்பட்ட மணத்தையெல்லாம் வாரிக்கொண்டு போகிறது. அதற்கு முந்தைய கட்டத்தில் கிளம்பும் சிறு குமிழிகள், பருப்புத் தண்ணீரில் கரைந்துள்ள புரதத்தாலும் பொடியிலிருந்து வரும் பிற பொருள்களாலும் மெல்லிய சட்டை போர்த்தப்பட்டு, உடையாமல் மேலே வந்து ஓரத்தில் கூடி, பாத்திரத்தின் வாயை மஞ்சள் நுரையால் மூடத் தொடங்குகின்றன. வெறும் வெந்நீரில் இந்த நுரை நிற்காது. சட்டை போர்த்த அங்கே புரதம் இல்லை. ஆக, உஷ்ணமானி இல்லாத சமையலறையில், கொதி வரப்போகிறது என்பதை முன்கூட்டியே கண்ணுக்கு அறிவிக்கும் கருவியாகவும், உள்ளே கிளம்பிய மணத்தைச் சற்றே தடுத்துவைக்கும் மூடியாகவும், நுரை ஒரே சமயத்தில் இரண்டு வேலை செய்கிறது. பொங்கி விளிம்பைத் தொடும்போது இறக்கினால் சரி. நுரை பிளந்து நடுவில் கொப்புளம் வெடித்துவிட்டால், அத்தை சொன்ன கஷாயம் ஆரம்பமாகிவிட்டது என்று பொருள்.

கஷாயத்தில் காரம் குறைவதில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். மிளகுக்கு இரண்டு பிரகிருதிகள் உண்டு: மணம் பறந்துபோகும், காரமோ போகாது. அந்தக் காரத்தின் மூலப்பொருளாகிய பைப்பரீனை 1819-ல் பிரித்தெடுத்தவர் டென்மார்க்கின் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஓர்ஸ்டெட். மறுவருஷம் மின்சாரக் கம்பிக்கு அருகே காந்த ஊசி திரும்புவதைக் கண்டு பௌதிக சாஸ்திரத்தையே திருப்பிவிட்டவரும் அவரே. பைப்பரீன் நீரில் கரைவது மிக மிகச் சொற்பம். நெய்யில்தான் அது தாராளமாகக் கரையும். ஆகவே பொடித்த மிளகின் காரத்தில் பெரும்பகுதி, ரசம் ஆற ஆற, பொடியோடு பொடியாக அடியில் தங்கிவிடுகிறது. ‘தெளிவு’ என்று மேலாகக் கரண்டியில் மொண்டு குழந்தைக்கும் நோயாளிக்கும் விட்டு, ‘மண்டி’யைக் கலக்கி உறைப்பு விரும்புகிறவர்களுக்குப் போடும் வழக்கம், கரைதிறனை அறிந்து ஏற்பட்டதோ அறியாமல் ஏற்பட்டதோ, அதற்கு முற்றும் இசைந்ததாகவே அமைந்திருக்கிறது.

காரம் என்பது ருசியன்று, ஒரு வகை உஷ்ண வேதனை. நம் வாயிலுள்ள நரம்பு முனைகளில் சூட்டை உணர்வதற்கென்று ஒரு கதவு இருப்பதையும், 43 டிகிரிக்கு மேற்பட்ட உஷ்ணம் பட்டால் அது திறந்துகொண்டு ‘சுடுகிறது’ என்று மூளைக்குச் செய்தி அனுப்புவதையும், மிளகாயின் காரப்பொருளும் அதே கதவையே திறக்கிறது என்பதையும், அமெரிக்காவில் டேவிட் ஜூலியஸ் குழுவினர் 1997-ல் நிரூபித்தனர். 2021-ல் மருத்துவ நோபல் பரிசில் அவருக்குப் பாதி கிடைத்தது. மிளகின் பைப்பரீனுக்கும் அக்கதவு திறக்கும், மிளகாயைவிட எத்தனையோ பங்கு மெதுவாக. ரசத்தை நினைத்து நான் வியப்பது இதற்கு அடுத்த விஷயத்தில்தான்: அமிலமும் அதே கதவை இளக்குகிறது. கொதிக்கக் கொதிக்க இலையில் விழும் ரசத்தில் சூடு, மிளகு, புளி மூன்றும் ஒரே கதவை ஒரே நேரத்தில் தட்டுகின்றன. மூக்கில் நீர் வருவதும், நெற்றி வியர்ப்பதும், ‘ஸ்’ என்று உறிஞ்சிக்கொண்டே மறுபடியும் கை நீட்டுவதும் அதன் பலன்கள். ஆறிய ரசம் சப்பென்று இருப்பதாகச் சொல்கிறோமே, அதிலிருந்து மிளகு எங்கும் போய்விடவில்லை. தட்டுகிறவர்களில் ஒருவர் குறைந்துபோனார். மிளகாயும் தக்காளியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்ச்சுக்கீசியர் வருகைக்குப் பின் வந்தவை. அவை வருமுன்பே மிளகுத் தண்ணீர் இங்கே இருந்தது. சென்னையிலிருந்த வெள்ளைக்காரர்கள் அந்தச் சொல்லை ‘மல்லிகடானி’ என்று திரித்து, அதில் மாமிசத்தையும் சேர்த்து சூப்பாக்கிக் கொண்டுபோன கதையை இங்கே விரிக்க வேண்டாம்.

இறக்கிய பிறகு தாளிப்பு. நெய் 200 டிகிரிக்கு மேலும் புகையாமல் நிற்கும். நீர் நூறைத் தாண்டாது. வறுத்த வாசனை என்று நாம் சொல்லும் குணங்கள் நூறு டிகிரியில் பிறப்பது அரிது. ஆதலால் ரசத்துக்குள்ளேயே எவ்வளவு நேரம் வேகவைத்தாலும் கிடைக்காத ஒரு மணத்தை, ஒரு சிறு கரண்டி நெய்யில் அரை நிமிஷத்தில் தயாரித்து மேலே கொட்டிவிடுகிறோம். கடுகின் உள்ளே சிக்கிய ஈரம் ஆவியாகித் தோலைப் பிளப்பதுதான் வெடிப்பு. பச்சைக் கடுகை நீர் விட்டு அரைத்தால் மூக்கைத் துளைக்கும் நெடி உண்டாகிறது. அந்த நெடி விதையில் தயாராக இருப்பதன்று, அரைக்கும்போது ஒரு நொதிப்பொருள் வேலைசெய்து உண்டாக்குவது. சூடான நெய்யில் அந்த நொதிப்பொருள் நொடியில் அழிந்துவிடுவதால், வெடித்த கடுகு நெடியின்றிக் கொட்டை வகைகளின் சுவையோடு பல்லில் அகப்படுகிறது. பெருங்காயத்தின் முரட்டு நாற்றம் கந்தகச் சேர்மங்களால் ஆனது. வெங்காயம், பூண்டின் கந்தகத்துக்கு உறவு. அவ்விரண்டையும் விலக்கிய வீடுகளில் பெருங்காயம் அரசு செலுத்துவதன் ரகசியம் இந்த உறவில் இருக்கிறது. ஆப்கானிஸ்தானம், ஈரான் முதலிய தேசங்களின் வறண்ட மலைச்சரிவுகளில் விளையும் ஒரு செடியின் வேர்ப்பிசின் அது. நூற்றாண்டுகளாகத் தின்றும் நாம் பயிரிட்டதில்லை. ஹிமாசலப் பிரதேசத்து லாஹௌல் பள்ளத்தாக்கில் 2020 அக்டோபரில்தான் பாலம்பூர் ஆராய்ச்சி நிலையத்தார் முதல் நாற்றை நட்டார்கள். கடைசியில் மேலே மிதக்கும் நெய்த்துளிகள் மணத்தைத் தம்முள் கரைத்து வைத்துக்கொண்டு, ஒரேயடியாக விடாமல் சிறுகச் சிறுக விடுகின்றன.

பாத்திரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நான் தனிக்குடித்தனம் புகுந்த புதிதில், வீட்டிலிருந்து கொடுத்தனுப்பிய ஈயச் சொம்பை ஸ்டவ்வின் மேல் வைத்துவிட்டு, புளி எந்த டப்பாவில் இருக்கிறது என்று தேடப் போனேன். திரும்பி வந்தபோது சொம்புக்கு அடி இல்லை. பர்னரின் மேல் பாதரசம் போல ஒரு குட்டை பளபளத்துக்கொண்டிருந்தது. வெள்ளீயம் 232 டிகிரியில் உருகிவிடும். உள்ளே தண்ணீர் இருக்கும்வரை அந்த நீர் நூறு டிகிரிக்கு மேல் போகாமல் சொம்பைக் காப்பாற்றுகிறது. வெறுமனே தீயில் வைத்தால் காப்பாற்றுவாரில்லை. ஈயச் சொம்பு ரசத்துக்குத் தனி ருசி உண்டென்று சொல்பவர்களோடு நான் சண்டைக்குப் போகமாட்டேன். எவர்சில்வரைவிட வெள்ளீயம் சுமார் நான்கு மடங்கு எளிதில் உஷ்ணத்தைக் கடத்துவதால் அடியில் சூடு சீராகப் பரவுமென்பது மட்டும் நிச்சயம். ஆனால் நம் மொழியில் ‘ஈயம்’ என்ற ஒரே சொல் இரண்டு உலோகங்களைக் குறிப்பது ஆபத்தான சங்கதி. காரீயம் விஷம், புளியின் அமிலம் அதைக் கரைத்துச் சாப்பாட்டில் சேர்த்துவிடும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் அது கண்ணுக்கும் தெரியாது, நாக்குக்கும் தெரியாது. விலை மலிவென்று காரீயம் கலந்த சொம்பை வாங்குவதைவிட எவர்சில்வரில் ரசம் வைத்துச் சாப்பிடுவது எவ்வளவோ மேல்.

இனி, ஜலதோஷத்துக்கு ரசம் நல்லதா என்ற கேள்வி. மஞ்சளின் குர்க்குமினோடு மிளகின் பைப்பரீன் சேர்ந்தால் குர்க்குமின் இரத்தத்தில் ஏறுவது பன்மடங்காகிறது என்று பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியார் 1998-ல் கண்டது உண்மை; இருபது மடங்கு என்பது அவர்கள் கணக்கு. ஆனால் அவர்கள் கொடுத்தது இரண்டு கிராம் குர்க்குமின். ஒரு சிட்டிகை மஞ்சள் பொடியில் அதன் நூற்றில் ஒரு பங்குகூட இராது. இந்த ஆராய்ச்சியை ஆதாரமாகக் காட்டி ரசத்தைச் சர்வரோக நிவாரணியாக்குகிறவர்களின் உற்சாகத்தை நான் பகிர்ந்துகொள்வதற்கில்லை. எனக்கு அதிக உண்மையாகப் படுவது, பிரிட்டனின் கார்டிஃப் பல்கலைக்கழகத்தார் 2008-ல் வெளியிட்ட ஒரு சிறு பரிசோதனை. ஜலதோஷம் பிடித்த முப்பது பேருக்கு ஒரே பழ பானத்தைச் சூடாகவும் ஆறியதாகவும் கொடுத்துப் பார்த்தார்கள். மூக்கினூடே செல்லும் காற்றைக் கருவியால் அளந்தால் சூடான பானத்தால் எந்த மாறுதலும் இல்லை. குடித்தவர்களோ தொண்டைக் கரகரப்பும் தும்மலும் இருமலும் குளிரும் அசதியும் உடனே தணிந்ததாகச் சொன்னார்கள். அடைப்பு அப்படியே இருக்க, அவஸ்தை குறைந்தது! பழ பானத்துக்கே இந்த மகிமையென்றால், மிளகும் புளியும் பெருங்காயமும் சேர்ந்து கண்ணில் நீர் வரவழைக்கும் ரசத்தைப் பற்றிக் கேட்பானேன்? அது நோயைத் தீர்க்கிறதோ இல்லையோ, நோயாளியைத் தேற்றுகிறது.

ஆகவே வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம். மிளகையும் சீரகத்தையும் அன்றன்றைக்கே இடித்துக்கொள்ளுங்கள். மாதக்கணக்கில் டப்பாவிலிருக்கும் பொடியில் பறக்க வேண்டியது முன்னமே பறந்திருக்கும். விளாவிய பிறகு அடுப்பைவிட்டு நகராதீர்கள், தொலைபேசி மணி அடித்தாலும். நுரை விளிம்புக்கு வந்ததும் இறக்கி, தாளித்ததைக் கொட்டி, கொத்தமல்லித் தழையைக் கிள்ளிப் போட்டு, உடனே தட்டைப் போட்டு மூடிவிடுங்கள். இலையில் சாதம் விழுந்த பிறகு திறந்தால் போதும்.